தந்தைக்கு இரைப்பைப் புற்றுநோய், மகனுக்கு எச். பைலோரி: இப்போது சிகிச்சை எடுத்தால் ஆபத்து குறையுமா?

அமராவதிக்கரை (தாராபுரம்):

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடம் நடத்தி வருகிறேன். என் தந்தை 61ஆம் வயதில் இரைப்பைப் புற்றுநோயால் காலமானார். கண்டுபிடித்தபோதே நோய் கல்லீரல் வரை பரவியிருந்ததால் அறுவை சிகிச்சைக்கு வழியில்லாமல் போயிற்று. எனக்கும் பல ஆண்டுகளாக நெஞ்சுக்கரிப்பும் மேல்வயிற்று வலியும் உண்டு. மெடிக்கல் கடையில் அமிலம் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை வாங்கி, காலையில் ஒன்று போட்டுக்கொண்டு தறிக்குப் போவதே வழக்கமாகிவிட்டது.

சென்ற மாதம் கோயம்புத்தூரில் எண்டோஸ்கோப்பி செய்து, இரைப்பையின் உட்சுவரிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார்கள். புண்ணோ கட்டியோ இல்லை. ஆனால் நாட்பட்ட அழற்சி இருப்பதாகவும், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருப்பதாகவும், இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மட்டும் ஆங்காங்கே "இன்டஸ்டைனல் மெட்டாபிளேசியா", அதாவது உட்சுவரின் உயிரணுக்கள் குடலில் உள்ளவை போல மாறுதல், காணப்படுவதாகவும் முடிவில் எழுதியிருக்கிறார்கள். பிஸ்மத் உட்பட நான்கு வகை மருந்துகளை 14 நாட்களுக்குச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். கூட்டம் அதிகமாக இருந்ததால் நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

மருந்தை இன்னும் தொடங்கவில்லை. என் மச்சான், "இந்தக் கிருமி நாட்டில் பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது, எல்லோருக்குமா புற்றுநோய் வருகிறது, இத்தனை மாத்திரை எதற்கு" என்கிறார். என் தாயாரோ மணத்தக்காளிக் கீரையும் மோரும் போதும் என்கிறார். நான் அறிய விரும்புவது இவைதான். இந்தக் கிருமியை ஒழித்தால் புற்றுநோய் ஆபத்து உண்மையாகவே குறையும் என்பதற்குச் சான்று உண்டா? உயிரணு மாற்றம் ஏற்கெனவே தொடங்கிவிட்ட என்னைப் போன்றவருக்குக் காலம் கடந்துவிட்டதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கோவை மருத்துவர்:

வணக்கம். இரைப்பை குடல் நோய்களுக்கான மருத்துவனாகக் கோவையில் பணியாற்றுகிறேன். உங்களை நேரில் பரிசோதித்தவர் கூறுவதே முதன்மையானது என்பதை மனத்தில் கொண்டு இதைப் படியுங்கள். கிருமியை ஒழித்தால் ஆபத்து குறையும், முற்றிலும் நீங்கிவிடாது. உங்களுக்குக் காலம் கடந்துவிடவில்லை. மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல், ராபின் வாரன் ஆகிய இருவரும் 1982இல் இந்தக் கிருமியை இரைப்பையிலிருந்து பிரித்து வளர்த்துக் காட்டும் வரை, அமிலம் நிறைந்த இரைப்பையில் எந்தக் கிருமியும் நிலைத்து வாழாது என்றே மருத்துவ உலகம் நம்பியிருந்தது. யூரியேஸ் என்ற நொதியால் தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி, அமிலத்தைத் தணித்துக்கொண்டு, சளிப்படலத்துக்கு அடியில் இது ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. இந்தக் கண்டுபிடிப்புக்காக இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1994இல், உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இக்கிருமியை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் முதல் வகுப்புக் காரணியாக அறிவித்துவிட்டது. புகையிலை இருக்கும் அதே வகுப்பு அது.

உங்கள் மச்சான் கூறுவதில் பாதி உண்மை இருக்கிறது. கிருமி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. வாழ்நாள் முழுவதையும் கணக்கிட்டாலும் 100 பேரில் ஏறத்தாழ 1 முதல் 3 பேருக்குத்தான் வருகிறது. மற்றொரு பாதியையும் பார்க்க வேண்டும். 2001இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வு ஒன்றில் 1,526 நோயாளிகளைச் சராசரியாக 7.8 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை. ஆகவே "எல்லோருக்குமா வருகிறது" என்பதை விட, "யாருக்கு வரக்கூடும்" என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு இந்நோய் வந்திருந்தால், மற்றவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய 2 முதல் 3 மடங்காகிறது. நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள்.

உங்கள் நிலைக்கு மிக அருகில் வரும் ஆய்வு கொரியாவில் நடந்தது; 2020இல் வெளியாயிற்று. இரைப்பைப் புற்றுநோய் கண்டவர்களின் நேரடி இரத்த உறவினர்களாகவும் கிருமி உடையவர்களாகவும் இருந்த 40 முதல் 65 வயதினரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கிருமி ஒழிப்பு மருந்தும் மற்றதற்கு மருந்தற்ற போலி மாத்திரையும் தந்து, 9 ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்தார்கள். மருந்து பெற்ற 832 பேரில் 10 பேருக்கும், பெறாத 844 பேரில் 23 பேருக்கும் புற்றுநோய் வந்தது. பாதிக்கும் மேல் குறைந்தது என்பது பெரிய செய்திதான். ஆனால் என் நோயாளிகளுக்கு நான் அழுத்திச் சொல்வது அதற்குள் இருக்கும் மற்றொரு விவரத்தை. மருந்து பெற்றும் புற்றுநோய் கண்ட அந்த 10 பேரில் 5 பேருக்குக் கிருமி ஒழியாமலே இருந்திருக்கிறது. கிருமி உண்மையாகவே ஒழிந்தது என்று உறுதியானவர்களை மட்டும் தனியே எடுத்துக் கணக்கிட்டபோது, 608 பேரில் 5 பேருக்குத்தான் நோய் வந்திருந்தது. கிருமி நீடித்தவர்களில் 979 பேருக்கு 28 பேர். மருந்து சாப்பிட்டதனால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. கிருமி போய்விட்டதா என்று மறுபடியும் சோதித்து அறிந்தால்தான் சிகிச்சை முடிந்ததாகப் பொருள்.

அடுத்து உயிரணு மாற்றம் பற்றி. அழற்சி, சுரப்பிகள் தேய்தல், இரைப்பையின் உட்சுவர் குடலின் சுவரைப் போல மாறுதல், ஒழுங்கற்ற வளர்ச்சி, பிறகு புற்றுநோய் என்று பல பத்தாண்டுகளில் படிப்படியாக நடப்பதைப் பெலாயோ கொரேயா என்ற நோயியல் அறிஞர் வகுத்துக் காட்டினார். உங்கள் அறிக்கையில் உள்ளது மூன்றாவது படி, அதுவும் ஓரிடத்தில் மட்டும். சீனாவின் ஃபூஜியன் மாநிலத்தில் 1,630 பேரிடம் நடந்து 2004இல் வெளிவந்த ஆய்வில், ஏழரை ஆண்டுகளில் மொத்தத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இத்தகைய மாற்றம் எதுவும் தொடங்காதவர்களிடம் மட்டுமே பலன் தெளிவாகத் தெரிந்தது. மாற்றம் தொடங்கிய பின் மருந்து வீண் என்று சிலர் கருதியதற்கு அந்த ஆய்வே காரணம். ஆனால் ஷான்டோங் மாநிலத்தின் லின்ச்சூ வட்டத்தில் 1995இல் இரண்டே வாரம் மருந்து கொடுத்து, ஏறத்தாழ 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, மாற்றம் தொடங்கிவிட்டவர்களிடமும் 55 வயதைக் கடந்தவர்களிடமும்கூடப் புற்றுநோய் குறைந்திருந்தது. அதே மக்களை 22 ஆண்டுகள் வரை தொடர்ந்தபோது நோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்ததோடு, அதனால் ஏற்படும் இறப்பும் குறைந்திருந்தது. ஆரம்பநிலைப் புற்றுநோயை எண்டோஸ்கோப்பி வழியாகவே வெட்டி எடுத்த பிறகு கிருமியை ஒழித்த கொரியர்களிடம்கூட, வேறிடத்தில் புதிதாக நோய் தோன்றுவது 13.4 விழுக்காட்டிலிருந்து 7.2ஆகக் குறைந்தது. இவ்வளவு தூரம் சென்றவர்களுக்கே பயன் இருக்கும்போது உங்களுக்கு இல்லாமல் போகாது.

என்றாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. அழற்சி தணியும், சுரப்பித் தேய்மானம் ஓரளவு திரும்பும். குடல்வகை மாற்றம் பலருக்கு அப்படியே நின்றுவிடுகிறது. அதனால் கிருமி ஒழிந்த பிறகும் கண்காணிப்பு வேண்டும்.

மணத்தக்காளியும் மோரும் உணவாக நல்லவையே, தாராளமாகச் சாப்பிடுங்கள். அவை இக்கிருமியை ஒழிப்பதாக நிறுவப்படவில்லை.

சென்னிமலை வாசகி:

பொதுச் சுகாதாரத் துறையில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். மருத்துவர் ஐயா இந்தத் தம்பிக்குக் கூறிய அறிவுரையில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்கள், வயிறு எரிந்த நாளிலெல்லாம் "கிருமி மருந்து" கேட்டுக் கடைக்குப் போய்விடக் கூடாது என்ற கவலையில் எழுதுகிறேன்.

உலகில் இரைப்பைப் புற்றுநோய் மிக அதிகமாகக் காணப்படும் நாடுகளுள் கொரியா ஒன்று. அங்கேயே, அதுவும் நோயாளிகளின் இரத்த உறவினரிடையே, ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க ஏறத்தாழ 65 பேருக்கு மருந்து தர வேண்டியிருந்தது என்பது மருத்துவர் தந்த கணக்கிலிருந்தே கிடைக்கிறது. நம் நாட்டில் இக்கிருமி மிகப் பரவலாக இருந்தும் இந்தப் புற்றுநோய் அந்த அளவுக்கு இல்லை. இந்தியாவுக்குள்ளேயே மிசோரம் போன்ற வடகிழக்குப் பகுதிகளில் மிக அதிகம். தென்னிந்தியாவில் வட இந்தியாவை விடக் கூடுதல். கிருமியின் உள்வகை, உணவு, புகையிலை, பரம்பரை என்று காரணங்கள் பல சேர்ந்தே இந்த வேறுபாட்டை உண்டாக்குகின்றன. ஆகவே குடும்பத்தில் நோய் இல்லாத, தொந்தரவும் இல்லாத ஒருவர் கொங்கு நாட்டில் வாழ்வதனால் மட்டும் இதைத் தேடிப்போய்ச் சோதிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. தைவானைச் சேர்ந்த மாட்சு தீவுகளில் 2004 முதல் மக்கள் அனைவரையும் சோதித்து மருந்து கொடுத்தார்கள், புற்றுநோய் பாதிக்குமேல் குறைந்தது என்பதை அறிவேன். அங்கே நோய் மிகுதியாக இருந்தது, மக்கள்தொகை சிறியது, ஒவ்வொருவரையும் மறுபடி அழைத்துச் சோதிக்க முடிந்தது. அந்த முறையை அப்படியே ஈரோடு மாவட்டத்துக்குக் கொண்டுவர இயலாது.

மற்றொரு காரணமும் உண்டு. மெட்ரோனிடசோல், லீவோபிளாக்சசின் முதலியவற்றை வயிற்றுப்போக்குக்கும் சளிக்கும் காய்ச்சலுக்கும் நாம் கணக்கில்லாமல் சாப்பிட்டுவிட்டோம். அதனால் இக்கிருமியிலும் அவற்றுக்கு அடங்காத வகைகள் நம் நாட்டில் மிகுந்துவிட்டன. கிளாரித்ரோமைசினுக்கு அடங்காத எச். பைலோரியை, புதிய மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் 2017இல் சேர்த்தது. தேவையற்றவர்கள் அரைகுறையாக மருந்து சாப்பிட்டால், தேவையானவருக்கு நாளை மருந்து வேலை செய்யாது.

இது பெரும்பாலும் சிறு வயதில், வீட்டுக்குள்ளேயே, வாயிலிருந்து வாய்க்கும் கழிவு கலந்த நீர் வழியாகவும் பரவுவது. குழந்தைக்குச் சோற்றைத் தாய் மென்று ஊட்டும் பழக்கத்தை விட்டுவிடுவதும், கழிப்பறை சென்று வந்து சோப்பிட்டுக் கைகழுவுவதும், குடிநீரைக் காய்ச்சுவதும் எந்த மருந்தும் இல்லாமல் செய்யக்கூடியவை. உப்புக்கண்டம், கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் ஆகியவற்றை நாள்தோறும் தட்டில் வைப்பதையும் குறைக்க வேண்டும். உப்பு மிகுந்த உணவு இரைப்பையின் உட்சுவரைப் புண்படுத்தி இக்கிருமிக்குத் துணை செய்கிறது. பீடியும் சிகரெட்டும் இந்தப் புற்றுநோய்க்கும் காரணம் என்பதை நம் ஊர் ஆண்களுக்கு எடுத்துச் சொல்வோர் குறைவு.

கோபி மருந்தாளுநர்:

கோபிசெட்டிபாளையத்தில் மருந்துக்கடை நடத்துகிறேன். இந்தச் சிகிச்சை தோற்பது பெரும்பாலும் எங்கள் கல்லாவுக்கும் வீட்டு அலமாரிக்கும் இடைப்பட்ட தூரத்தில்தான் என்பதால், மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்து முறை என்பது பொதுவாக அமிலம் குறைக்கும் மாத்திரை, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் ஆகியவற்றைக் கொண்டது. உங்கள் சீட்டிலும் இவையே இருக்கக்கூடும். வேறாக இருந்தால் சீட்டில் உள்ளபடியே சாப்பிடுங்கள். அமிலம் குறைக்கும் மாத்திரையை உணவுக்கு அரை மணி நேரம் முன்பாக, காலையும் இரவும் எடுக்க வேண்டும். அமிலம் நன்றாகக் குறைந்தால்தான் மற்ற மருந்துகள் இரைப்பைக்குள் முழு வலிமையோடு வேலை செய்யும். அதனால் "எரிச்சல் நின்றுவிட்டதே" என்று இதை மட்டும் விட்டுவிடக் கூடாது. டெட்ராசைக்ளினைப் பாலோடோ, தயிர் மோரோடோ, சுண்ணாம்புச் சத்து அல்லது இரும்புச்சத்து மாத்திரையோடோ சேர்த்து எடுத்தால் உடலில் சேராது. தாயார் தரும் மோரை இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். அந்த மாத்திரையை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுக்காதீர்கள். உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். இரவு ஷிப்டு முடிந்து வந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டும். டெட்ராசைக்ளின் கிடைக்கவில்லை என்று கடைக்காரர் டாக்சிசைக்ளினை மாற்றிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். இரண்டும் ஒரே குடும்பம்தான் என்றாலும் இந்தக் கிருமியிடம் இரண்டும் சமமாக வேலை செய்வதில்லை. மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டு முடிவு செய்யலாம்.

பிஸ்மத்தினால் மலமும் நாக்கும் கறுக்கும். பலர் இரத்தம் போகிறது என்று அஞ்சி நான்காம் நாளே நிறுத்திவிடுகிறார்கள்; மருந்தை முடித்ததும் அது தானே மறைந்துவிடும். ஆனால் மலம் தார்போலப் பிசுபிசுப்பாகவும் கடும் நாற்றத்தோடும் போய், தலைசுற்றலும் சேர்ந்தால் அது வேறு. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மெட்ரோனிடசோல் வாயில் உலோகச் சுவையை உண்டாக்கும், குமட்டும். மருந்து சாப்பிடும் நாட்களிலும் முடித்த பின் மூன்று நாட்கள் வரையிலும் மது அறவே கூடாது. வேறு மருந்துகள் எடுப்பவர்கள் அவற்றின் சீட்டையும் காட்டுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு மெட்ரோனிடசோல் இரத்தப்போக்கு ஆபத்தைக் கூட்டும். வேறொரு முறையில் தரப்படும் கிளாரித்ரோமைசின், கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினோடு சேரவே கூடாது. பென்சிலின் ஒவ்வாமை இருப்பவர்கள், அமாக்சிசிலின் உள்ள முறையைத் தரும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அமராவதிக்கரை அண்ணா, நீங்கள் பல ஆண்டுகள் மருத்துவர் சீட்டில்லாமல் பான்டோபிரசோல் வாங்கியதைப் பற்றியும் ஒரு சொல். கிருமி உள்ளே இருக்கும்போது நெடுங்காலம் அந்த மாத்திரையை மட்டும் எடுத்தால், அழற்சி இரைப்பையின் மேல்பகுதிக்கும் பரவக்கூடும். அங்கே சுரப்பிகள் தேய்வதே புற்றுநோய்க்கு அதிகம் இடம் தருவது. புண்ணின் வலியையும் அது மறைத்துவிடும். ஆண்டுக்கணக்கில் அதை வாங்குபவர்களிடம் ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள் என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். என் கடையில் இதைச் சொல்லத் தொடங்கியபோது சில வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள், இன்னமும் சொல்கிறேன்.

அமராவதிக்கரை (தாராபுரம்):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நாளைக் காலையிலிருந்து மருந்தைத் தொடங்குகிறேன். சீட்டில் மருந்தாளுநர் அண்ணா குறிப்பிட்ட நான்கும்தான் இருக்கின்றன.

குடும்பத்தார் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. வீட்டில் மனைவி, 14 வயது மகள், 9 வயது மகன், 66 வயதுத் தாயார் ஆகியோர் இருக்கிறோம். தாயார் இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுத்து வருகிறார். எங்கள் ஊர் ஆய்வகத்தில் இரத்தம் எடுத்து இக்கிருமியைக் கண்டறியலாம் என்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே நாளில் எடுத்துவிடலாமா? கருவூரில் எனக்கு ஓர் அக்கா இருக்கிறார், வயது 47. அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. எனக்குக் கிருமி போய்விட்டதா என்பதையும் அதே இரத்தப் பரிசோதனையால் அறியலாமா? அதற்கு எத்தனை நாள் கழித்துச் செல்ல வேண்டும்?

கோவை மருத்துவர்:

முதலில் அக்காவைப் பற்றி. நீங்கள் அவரைக் கடைசியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள்; என் கணக்கில் அவரே முதலில் வர வேண்டும். வீட்டில் உடன் இருப்பவர்களை விட, உங்கள் தந்தையின் மகளான அவருக்கே உங்களுக்கு உள்ள அதே ஆபத்து இருக்கிறது. தொந்தரவு இல்லாததால் அந்த ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. கொரிய ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் நோயாளிகளின் உறவினர்கள் என்ற காரணத்துக்காகவே அழைத்துச் சோதிக்கப்பட்டவர்கள். அவருக்குக் கிருமிப் பரிசோதனை செய்து, இருந்தால் மருந்து கொடுக்க வேண்டும். 47 வயதும் குடும்பத்தில் நோயும் இருப்பதால் ஒருமுறை எண்டோஸ்கோப்பியும் செய்துகொள்வது நல்லது என்று நான் கருதுகிறேன்.

இரத்தப் பரிசோதனை வேண்டாம். அது கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளையே தேடுகிறது. கிருமி ஒழிந்து பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் கழித்தும் அது இரத்தத்தில் தங்கியிருக்கும். அதனால் உங்கள் கிருமி ஒழிந்துவிட்டதா என்று அதைக் கொண்டு சொல்லவே முடியாது. பழைய தொற்றையும் இன்றைய தொற்றையும் அது பிரித்துக் காட்டாது. பதிலாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று மூச்சுப் பரிசோதனை: யூரியா கலந்த மருந்தை விழுங்கச் செய்து, கிருமியின் யூரியேஸ் அதைச் சிதைத்தால் வெளிவரும் கார்பனை மூச்சில் அளப்பது. மற்றது மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடுவது. மூச்சுப் பரிசோதனை பெரும்பாலும் கோவை போன்ற நகரங்களில்தான் கிடைக்கும். மல மாதிரியைச் சிறிய ஊர்களிலுள்ள ஆய்வகங்கள் வாங்கி வெளியூருக்கு அனுப்பிவைக்கின்றன.

உங்களுக்கு இந்த இரண்டில் ஒன்றை, 14 நாள் மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்துச் செய்ய வேண்டும். அதற்கு முந்தைய 2 வாரங்கள் பான்டோபிரசோல் போன்றவை கூடாது. அவை கிருமியை அடக்கி வைத்து, இல்லை என்று தவறாகக் காட்டிவிடும். இடைப்பட்ட நாட்களில் எரிச்சல் இருந்தால், அமிலத்தை முறிக்கும் சாதாரண ஜெலுசில் வகைத் திரவம் குடிக்கலாம். கிருமி இன்னும் இருந்தால் மனம் தளர வேண்டாம். அதே மருந்துகளை மறுபடி சாப்பிடாமல் வேறு கூட்டு மருந்து தர வேண்டும் என்பதால், இப்போது சாப்பிடும் அட்டைகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தாயாருக்கு உங்கள் தந்தையோடு இரத்த உறவு இல்லாததால் இந்தப் புற்றுநோய்க் கணக்கில் அவர் வரமாட்டார். ஆனால் ஆஸ்பிரினும் இக்கிருமியும் ஒரே இரைப்பையில் சேரும்போது புண்ணும் இரத்தப்போக்கும் ஏற்படும் ஆபத்து கூடுகிறது. ஆஸ்பிரின் எடுக்கும் 60 வயதைக் கடந்தவர்களிடம் பிரிட்டனில் நடந்து 2022இல் வெளியான பெரிய ஆய்வில், கிருமியை ஒழித்தவர்களுக்கு முதல் இரண்டரை ஆண்டுகளில் இரத்தப்போக்கு வெகுவாகக் குறைந்திருந்தது. ஆகவே அவருக்கும் சோதிப்பது தகும். ஆஸ்பிரினை மட்டும் இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். மனைவிக்குத் தொந்தரவு இருந்தால் சோதியுங்கள். இல்லையென்றாலும், ஒரே வீட்டில் ஒருவருக்கு ஒழித்து மற்றவருக்கு விட்டுவைக்க மனமில்லை என்று நீங்கள் கேட்டால் நான் மறுக்க மாட்டேன். குழந்தைகளுக்கு வலி, வாந்தி, இரும்புச்சத்துக்கு அடங்காத இரத்தசோகை போன்றவை இல்லாதவரை இப்போது எதுவும் வேண்டாம். அவர்கள் வயதில் புற்றுநோய் ஆபத்து இல்லை எனலாம். மருந்து வகைகளும் குறைவு. ஒழித்த பிறகு மறுபடியும் தொற்ற வாய்ப்பு பெரியவர்களை விட அவர்களுக்கு அதிகம். வளர்ந்த பிறகு சோதித்துக்கொள்ளட்டும்.

சென்னிமலை அம்மையார் எழுதியதை முழுமனதோடு ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: எண்டோஸ்கோப்பியில் கிருமி இருப்பது ஒருமுறை உறுதியாகிவிட்டால், அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் அதை விட்டுவைப்பதற்கு இப்போதைய வழிகாட்டுதல்களில் ஆதரவு இல்லை. தேடிச் செல்வதில் நிதானமும், கண்டுபிடித்ததை ஒழிப்பதில் உறுதியும் வேண்டும் என்றே நாங்கள் இருவரும் சொல்கிறோம்.

கடைசியாக உங்கள் கண்காணிப்பு. மாற்றம் ஓரிடத்தில் மட்டும் இருந்து குடும்பத்தில் நோய் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் மறு எண்டோஸ்கோப்பி தேவைப்படாது. உங்கள் தந்தையின் காரணமாக உங்களுக்கு 3 ஆண்டுகளில் ஒன்று தேவை. அப்போது இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்தும் நடுப்பகுதியிலிருந்தும் தனித்தனிப் புட்டிகளில் துணுக்குகள் எடுக்குமாறு கேளுங்கள்; மாற்றம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்ல அது அவசியம். இப்போதைய அறிக்கையையும் கண்ணாடித் தகடுகளையும் ஆய்வகத்திலிருந்து வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இதற்கிடையே காரணமின்றி எடை குறைந்தாலோ, விழுங்கச் சிரமம் ஏற்பட்டாலோ, சிறிது உண்டதும் வயிறு நிறைந்துவிட்டாலோ, வாந்தி விடாமல் தொடர்ந்தாலோ, மருந்து முடிந்த பிறகும் மலம் கறுப்பாகப் போனாலோ அந்த 3 ஆண்டுகளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அக்காவின் பரிசோதனை முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள். கருவூரிலிருந்து அவர் வந்து போவதற்கு ஏற்ப, எண்டோஸ்கோப்பியையும் மூச்சுப் பரிசோதனையையும் ஒரே நாளில் வைத்துக்கொள்வது எப்படி என்று அப்போது சொல்கிறேன்.